பையில் இல்லாத காற்று

1

முட்டுக்காடு பாலத்தைத் தாண்டிய சிறிது நேரத்தில் பின்சக்கரம் தளர்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. மெல்லிய டயர் போட்ட ரோடு பைக்கில் பஞ்சர் முதலில் இடுப்புக்குத்தான் தெரியும். சாலை திடீரென்று மெத்தென்று ஆகும். அடுத்த நூறடியில் கல்லும் மணலும் நேரே எலும்புக்கு வந்து சேரும்.

மணி ஐந்தேகால். விடிய இன்னும் நேரம் இருந்தது. சாலையை விட்டு நன்றாக விலகி, பூட்டியிருந்த ஒரு கடையின் சிமெண்டுத் திண்ணைவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். சவுக்கு மரங்களுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. சீட்டுக்கு அடியில் கட்டியிருக்கும் சின்னப் பையின் ஜிப்பைத் திறந்தேன். இந்தக் குறிப்புகள் அந்தத் திண்ணையில் மனத்துக்குள் தொடங்கியவை.

2

பையில் இருப்பவை இவ்வளவுதான்.

மாற்று டியூப் ஒன்று. நன்றாகக் காற்றை வெளியேற்றிச் சுற்றி, மற்ற பொருள்கள் உரசிக் கிழிக்காமல் இருக்கப் பழைய காலுறைத் துண்டில் பொதிந்தது. பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு. பஞ்சர் ஒட்டும் சிறு டப்பா; அதற்குள் ஆறு பேட்ச், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சொல்யூஷன் குழாய், ஒரு துண்டு உப்புத்தாள். பழைய டயரிலிருந்து வெட்டிய இரண்டு அங்குலத் துண்டு. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர். நான்காக மடித்த நூறு ரூபாய்த் தாள். பம்பு மட்டும் பைக்கு வெளியே, தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், சைக்கிளின் சட்டத்தோடு சேர்ந்திருக்கும்.

ஒருநாள் மளிகைக் கடைத் தராசில் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். பம்போடு சேர்த்து 340 கிராம். நூறு கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்கான தைரியத்தின் எடை அது.

சக்கரத்துக்குத் தேவையான ஒரே பொருள் மட்டும் அந்தப் பையில் இல்லை. காற்று.

3

டயருக்குள் காற்றை அடைக்கலாம் என்று முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன், ஆண்டு 1845. அது பரவவில்லை, மறந்துபோனது. பிறகு 1887ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்தினார். அடுத்த ஆண்டு காப்புரிமை பெற்றார். அதுவரை சக்கரங்களில் கெட்டி ரப்பர்தான். ஒரு குழந்தையின் உடம்பு அதிராமல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வந்தது இன்று உலகம் முழுவதும் உருளும் பொருள்.

அந்த முதல் டயர்களைச் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டிவிடுவார்கள். முள் குத்தினால் ஒட்டியதை எல்லாம் பிரிக்க வேண்டும். 1889ல் பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் ஊரிலிருந்த மிஷ்லின் சகோதரர்களின் ரப்பர்த் தொழிற்சாலைக்கு அப்படி ஒரு சைக்கிள் வந்தது. சரிசெய்ய மூன்று மணி நேரம் பிடித்தது. பசை காய ஓர் இரவு. அந்த அனுபவத்திலிருந்துதான் கழற்றி மாட்டும் டயரை அவர்கள் செய்தார்கள். 1891ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயர்களோடு ஓட்டி, 72 மணி நேரத்துக்குள் வந்து வென்றார்.

காற்றை அடைத்து வைக்கக் கற்ற நான்கே ஆண்டுகளில், அதை வழியில் திறந்து மூடவும் கற்றுக்கொண்டார்கள். என் பையிலிருக்கும் இரண்டு லீவர்களும் அந்த இரண்டாவது கற்றலின் வாரிசுகள்.

4

காற்றையும் பையில் போட்டு எடுத்துப் போகலாம். விரல் நீளத்தில் ஓர் இரும்புக் குப்பி, உள்ளே 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு. வால்வில் பொருத்தித் திருகினால் சில நொடிகளில் டயர் கல்லாகிவிடும். வாயு விரிந்து வெளியேறும்போது குப்பி உறைந்து, வெறும் விரலில் ஒட்டும் அளவுக்குக் குளிர்ந்துபோகும். நொடிகளை எண்ணுகிற பந்தயக்காரர்களுக்கு அது சரியான பொருள்.

நானும் இரண்டு ஆண்டுகள் குப்பிதான் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலக் காலையில், வால்வில் தலைப்பகுதி சரியாக உட்காரும் முன்பே திருகிவிட்டேன். இருந்த வாயு முழுவதும் என் விரல்களுக்கிடையே வெள்ளைப் புகையாகப் போய்விட்டது. புது டியூப் டயருக்குள் இருந்தது. ஓட்டை இல்லை. ஆனாலும் நான்கு கிலோமீட்டர் நடந்தேன்.

குப்பியில் அடைத்த வாயுவுக்கு இன்னொரு குணமும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு பியூட்டைல் ரப்பரின் வழியே சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும். இன்று கல்லாக இருக்கும் டயர் மறுநாள் காலை தளர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதை வெளியேற்றிவிட்டு நல்ல காற்று அடிக்க வேண்டும்.

இப்போது பம்புதான். அதன் உருளை மிக ஒடுக்கமானது. அகலமான பம்பில் ஒவ்வோர் அடிக்கும் நிறையக் காற்று போகும். ஆனால் அழுத்தம் ஏற ஏறக் கை தள்ள முடியாமல் நின்றுவிடும். கார் டயருக்கு 30, 35 பி.எஸ்.ஐ. போதும். என் 28 மில்லிமீட்டர் டயருக்கு 75 வேண்டும். ஒடுக்கமான உருளை அந்த எதிர்ப்பைக் கை தாங்கும் அளவுக்குக் குறைத்துத் தருகிறது. பதிலுக்கு அது பொறுமையைக் கேட்கிறது. 200 முறைக்குமேல் அடிக்க வேண்டும்.

குப்பியில் இருப்பது இருப்பு. பம்பில் இருப்பது வழி. இருப்பு ஒருமுறை தவறினால் தீர்ந்துவிடும். வழி தவறினால் மறுபடி தொடங்கலாம்.

5

திண்ணையில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் வேலையைத் தொடங்கினேன். பின்சக்கரத்தைக் கழற்றும் முன் சங்கிலியைக் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். அப்போது சக்கரம் தானாகக் கையில் இறங்கும். மிச்சக் காற்றை வெளியேற்றி, டயரின் இரண்டு ஓரங்களையும் சுற்றிலும் அமுக்கி, ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளினால் டயர் நெகிழும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லீவரை நுழைத்தேன்.

டியூபை வெளியே எடுத்ததும் கை அடுத்த டியூபைத் தேடும். அந்தக் கையைத்தான் நிறுத்த வேண்டும். காரணத்தை எடுக்காமல் டியூபை மாற்றினால் அதே காரணம் அடுத்த டியூபையும் குத்தும். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று.

டியூபில் கொஞ்சம் காற்றடித்து மேலுதட்டுக்கு அருகே மெல்ல நகர்த்தினேன். பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டி இருக்கும், குமிழி காட்டிக் கொடுக்கும். சாலையில் ஈர உதடுதான் தொட்டி. வால்வுக்கு ஒரு சாண் தள்ளி, நூலிழை போல ஒரு குளிர்ச்சி பட்டது. டயர் மாட்டும்போதே அதன் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக இருக்கும்படி நான் மாட்டுவது வழக்கம். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் தேட வேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

அங்கே டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்தேன். துணி ஓரிடத்தில் சிக்கியது. மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கம்பி. லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது அவற்றுக்குள் இருக்கும் எஃகு இழைகள் நொறுங்கிச் சாலையெங்கும் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. நகத்தால் இழுத்து எடுத்து, காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தேன். அங்கேயே போட்டால் இன்னொருவர் சக்கரத்துக்குப் போகும்.

6

டியூப் ஒரு கடிதம். படிக்கத் தெரிந்தால் நடந்ததைச் சொல்லிவிடும்.

வெளிப்பக்கம் ஒற்றைப் புள்ளியாக ஓட்டை இருந்தால் கம்பி, கண்ணாடி, முள். உட்பக்கம், அதாவது ரிம் பக்கம் இருந்தால் ரிம்மின் மேல் ஒட்டியிருக்கும் நாடா விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை டியூப் மாற்றினாலும் பயனில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்கள் இருந்தால் அது பாம்புக்கடி. காற்றுக் குறைவாக இருந்த சக்கரம் பள்ளத்தில் இறங்கியபோது, ரிம்மின் இரண்டு விளிம்புகளும் டியூபைக் கடித்திருக்கின்றன. அதற்கான மருந்து பையில் இல்லை. முந்தின நாள் இரவு வீட்டில் பெரிய பம்பால் அழுத்தம் பார்ப்பதில் இருக்கிறது.

முட்களில் எனக்கு மிகவும் பரிச்சயமானது நெருஞ்சி. சாலையின் மண் ஓரத்தில் மஞ்சள் பூவோடு தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். அதன் காய் உடைந்து கிடக்கும்போது எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல் நோக்கியே நிற்கும். ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போவதற்காக அந்தச் செடி கண்டுபிடித்த வழி அது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சைக்கிள் ஓட்டுபவர்கள் அதிகம் அஞ்சுவதும் இதே செடிக்குத்தான். ஆங்கிலத்தில் அதற்குப் பஞ்சர் கொடி என்றே ஒரு பெயர் உண்டு. நாம் டயர் செய்வதற்கு எவ்வளவோ காலம் முன்பே அது பாதங்களைக் குத்திப் பழகிவிட்டது.

மழைக்குப் பிறகு இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் கண்ணாடித் துண்டுகளை அடித்துக்கொண்டு வந்து ஓரத்தில் சேர்க்கும். ஈரமான ரப்பரில் அவை எளிதாக இறங்கும்.

7

அன்று மாற்று டியூபைப் போடவில்லை. இன்னும் 60 கிலோமீட்டர் இருந்தது. சிறிய ஓட்டைதான். நல்ல டியூபைப் பெரிய துன்பத்துக்காக வைத்துவிட்டு இதை ஒட்டலாம் என்று முடிவு செய்தேன்.

உப்புத்தாளால் ஓட்டையைச் சுற்றித் தேய்த்தேன். பளபளப்பு போய் மங்க வேண்டும். பேட்சைவிடச் சற்று அகலமாகச் சொல்யூஷனை மெல்லியதாகத் தடவினேன். அதன் பிறகுதான் கடினமான வேலை: ஒன்றும் செய்யாமல் இருப்பது. பெரும்பாலான ஒட்டுகள் பிய்ந்துகொண்டு வருவது இந்த ஐந்து நிமிடத்தைப் பொறுக்க முடியாததால்தான். சொல்யூஷன் வெறும் பசை இல்லை. சார்லஸ் குட்இயர் 1839ல் கந்தகத்தையும் வெப்பத்தையும் கொண்டு ரப்பரை வலுப்படுத்தினார். நல்ல பேட்சும் அதற்கான சொல்யூஷனும் அதே பிணைப்பைச் சூடு இல்லாமல், குளிர்ந்த நிலையிலேயே ஏற்படுத்துகின்றன. ஈரம் ஆவியாகிப் போனால்தான் ரப்பரும் ரப்பரும் ஒன்றையொன்று பிடிக்கும். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் அடையாளம்.

ஐந்து நிமிடம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழக்கில் சவுக்குத் தோப்பின் மேல் கறுப்பு மெல்லச் சாம்பலாகியது. ஒரு மீன் கூடை வண்டி போனது. எங்கோ தேநீர்க் கடையின் ஷட்டர் தூக்கும் சத்தம். சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தால் இவற்றில் எதையும் கேட்டிருக்க மாட்டேன். பயணத்தில் நான் உண்மையாகவே ஓரிடத்தில் இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

பிறகு பேட்சை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்தினேன். டியூபுக்கு வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து டயருக்குள் அமர்த்தினேன். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் வந்து முடித்தேன். கடைசி ஒரு சாண் இறுகும். அங்கே லீவரைப் போட்டால் டியூப் நசுங்கும். கட்டைவிரல்களால்தான் ஏற்ற வேண்டும்.

8

முதல் ஆண்டில் என் பை இதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. மூன்று லீவர், இரண்டு டியூப், இரண்டு குப்பி, பதினான்கு முனைகள் கொண்ட மடக்குக் கருவி, எதற்கென்று தெரியாமலே வாங்கிய சில சாவிகள். பயத்துக்கு ஒன்று, பயத்தின் பயத்துக்கு ஒன்று.

யாரும் சொல்லி அவற்றை நான் எடுக்கவில்லை. கட்டைவிரல் பழகியதும் மூன்றாவது லீவர் வீட்டிலேயே நின்றுவிட்டது. ஒட்டத் தெரிந்ததும் இரண்டாவது டியூப் நின்றுவிட்டது. கை கற்கக் கற்கப் பை சிறுத்தது. ஆகவே எடை குறைக்க வேண்டும் என்று தொடங்குவது தலைகீழ் வழி. புதிதாக ஓட்டுபவர் இரண்டு டியூபோடு போவதில் குறை எதுவும் இல்லை. ஒரு வார இறுதியில் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஐந்து முறை கழற்றி மாட்டிப் பார்க்கட்டும். எதை எடுத்துவிடலாம் என்பதை அவர் கையே சொல்லும்.

எடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. பழைய டயர்த் துண்டு. மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஒருநாள் உடைந்த பாட்டில் என் முன்டயரின் பக்கச்சுவரை ஓர் அங்குலத்துக்குக் கிழித்தது. டியூபை மாற்றினாலும் கிழிசல் வழியே அது கொப்புளமாகப் பிதுங்கி வெடிக்கும். இரண்டு அங்குலத் துண்டை உள்ளே வைத்து, அதன் மேல் டியூபை அமர்த்தி, அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினேன். தூக்கி எறிந்திருக்க வேண்டிய ஒரு குப்பை என்னை வீட்டுக்குக் கொண்டு வந்தது.

9

பித்தளை அடாப்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரோடு பைக்கின் வால்வு மெலிந்தது. அதன் தண்டின் அகலம் ஆறு மில்லிமீட்டர்தான். நம் ஊர்ப் பஞ்சர் கடைகளின் காற்றுக்குழாய் கார், மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது. இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காது. இடையில் இந்தப் பித்தளைத் துண்டைத் திருகிவிட்டால் பிடிக்கும். எடை மூன்று கிராம்கூட இருக்காது.

டயர் கிழிந்த அன்று, மரக்காணத்துக்கு அப்பால் அது தேவைப்பட்டது. சின்னப் பம்பில் அடித்துக் கை ஓய்ந்திருந்தது. சாலையோரத்தில் பெரிய லாரி டயரைத் தொங்கவிட்டு, அதில் வெள்ளை எழுத்தில் பஞ்சர் என்று எழுதிய கடை. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் இப்படிப் பல கடைகளைக் கேரளத்திலிருந்து வந்தவர்கள் நடத்துகிறார்கள். இவரும் அப்படித்தான். வால்வைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இது நம்ம குழாயில் நிக்காது தம்பி.”

“இதைப் போட்டுப் பாருங்க சேட்டா.”

அடாப்டரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திருகினார். குழாய் பிடித்துக்கொண்டது. கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, நான் சொன்ன அளவுக்கு முன்பே நிறுத்தினார்.

“இது போதும். வெயில் ஏறினா தானே கூடும். உள்ள துண்டு வேற வச்சிருக்கீங்க.”

பத்து ரூபாய் வாங்கி டப்பாவில் போட்டார். அவர் சொன்னது சரி. சூட்டில் காற்று விரியும். கிழிந்த டயருக்கு அந்தக் கூடுதல் ஆபத்து. கட்டைவிரலில் அழுத்தமானி வைத்திருந்த மனிதர் அவர்.

அந்த மூன்று கிராம் பித்தளை இல்லையென்றால், வழியெங்கும் இருக்கும் அத்தனை கடைகளும் எனக்கு மூடியவைதான்.

10

நீண்டதூர சைக்கிள் பயணங்களுக்குப் பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிகள்தான் நம் ஊரிலும். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பின்தொடரும் துணை வண்டி கூடாது. நம்மைப் பார்த்துக்கொள்ள நாம்தான். எனக்கு அந்த விதி பிடிக்கும். ஆனால் அதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் யூஜின் கிறிஸ்தோஃப் என்ற பந்தய வீரர் நினைவுக்கு வருவார்.

1913 டூர் டி பிரான்ஸ். பைரனீஸ் மலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய முன்ஃபோர்க் உடைந்தது. பந்தய விதிப்படி யாரும் உதவக் கூடாது. சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்குமேல் நடந்து, செயின்ட் மரி து காம்பான் என்ற ஊரின் கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவருக்குத் தண்டனை நேரம் விதித்தார்கள். இரண்டு கையும் இரும்பில் இருந்தபோது, பட்டறையில் ஒரு சிறுவன் துருத்தியை ஊதினான் என்பதே குற்றம்.

அந்தச் சிறுவன் கொடுத்ததும் காற்றுதான்.

தன்னிறைவு என்பது யாரிடமும் எதையும் வாங்காமல் இருப்பதாக ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. நம் பாட்டை நாம் செய்துவிட்டு, மிச்சத்துக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பது. லீவரும் பேட்சும் பம்பும் என் பாடு. அடாப்டரும் மடித்த நூறு ரூபாயும் அந்த வாசல்.

11

அன்று முட்டுக்காட்டில் காற்றடித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. கிளம்பிக் கோவளத்தைத் தாண்டினேன். திருவிடந்தைக்கு அருகே ஒரு பெண் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுச் சாலையோரம் நின்றிருந்தார். கல்லூரி வயது இருக்கும். டியூபில் வால்வின் அடி கிழிந்திருந்தது. அங்கே பேட்ச் நிற்காது. வேறு டியூப்தான் வழி. அவரிடம் இல்லை.

என் பையில் இருந்தது. ஒட்டிய டியூபோடு நான் வந்ததற்கு அந்த இடத்தில்தான் பொருள் தெரிந்தது.

“நீங்களே மாட்டுங்கம்மா, நான் பக்கத்தில் இருக்கேன்” என்றேன். முதல் தடவை டயர் ஓரம் வழுக்கியது. இரண்டாவது தடவை கட்டைவிரல்களில் பலம் எங்கே வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. டியூபுக்குப் பணம் தர வந்தார். அடுத்த முறை உங்கள் பையில் ஒன்று இருக்கட்டும், யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டு மாமல்லபுரம் நோக்கிப் போனேன். என் பை 100 கிராம் குறைந்திருந்தது. மனம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

12

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பையை நிரப்புவது. குளிப்பதற்கு முன்பே செய்துவிடுவேன். நாளை என்று விட்டால் அடுத்த பஞ்சரின்போதுதான் நினைவு வரும். புது டியூபைக் காலுறைத் துண்டில் சுற்றினேன். ஒட்டிய டியூபைச் சக்கரத்திலேயே விட்டேன். நன்றாக உட்கார்ந்த ஒட்டு அந்த டியூபின் ஆயுள்வரை நிற்கும்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பையில் இருக்கும் சொல்யூஷனை இன்றைக்கு எடுத்து அமுக்கிப் பாருங்கள். ஒருமுறை திறந்து மூடியது சில மாதங்களில் உள்ளுக்குள்ளேயே காய்ந்துபோகும். வெளியே பார்த்தால் தெரியாது. காய்ந்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். விலை குறைவு, அதிகாலை ஐந்து மணிக்குக் கடை திறந்திருக்காது.